நகல்களின் கதை – 9: யானை முத்திரை போட்ட பெட்டி

ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட் கம்பெனி 1976-ல் கொண்டுவந்த ஒற்றை சிப்பை வாங்கி, ஊருக்கொரு பேர் வைத்து டென்னிஸ் ஆட்டப் பெட்டி விற்றவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களாவது சிப்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இந்த வாரம் வருகிறவர்கள் சிப்பையே நகலெடுத்தவர்கள்.

கதை மாஸ்கோவில் தொடங்குகிறது. 1984 வாக்கில் சோவியத் கடைகளில் ‘எலெக்ட்ரோனிக்கா’ முத்திரையோடு உள்ளங்கை அகல விளையாட்டுக் கருவி ஒன்று வந்தது. விலை 25 ரூபிள். நான்கு மூலைகளிலிருந்து முட்டைகள் உருண்டு வரும், ஓநாய் கூடையை நீட்டிப் பிடிக்க வேண்டும். ‘நு பகதி’ என்ற கார்ட்டூன் தொடரின் ஓநாய் அது. 1969 முதல் அந்த நாட்டுப் பிள்ளைகள் அதையும் அது துரத்தும் முயலையும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் கருவியைத் திருப்பிப் போட்டு யோசித்தால் அது ஜப்பானில் 1981-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையின் ‘எக்’. பொத்தான்கள் இருக்கும் இடம், கடிகாரம், ஆட்டத்தின் வேகம் எல்லாம் அதுவே. ஓநாய்கூட அங்கேயே உண்டு. சோவியத் பொறியாளர்கள் அதற்குத் தங்கள் ஊர் முகத்தை மாட்டிவிட்டார்கள்.

அந்தக் கருவியைச் சுற்றி ஒரு வதந்தியும் கிளம்பியது. ஆயிரம் புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் படமே ஓடுமாம். உண்மையில் மூன்று இலக்கம் மட்டுமே காட்டத் தெரிந்த அந்தத் திரை, 999 தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை பிள்ளைகளின் இரவு அந்தப் பூஜ்யத்தில் முடிந்ததோ!

அதே 1984-ல், அதே மாஸ்கோவில், அறிவியல் அகாதெமியின் கணினி மையத்தில் அலெக்சி பாஜித்னவ் என்பவர் ‘டெட்ரிஸ்’ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய இயந்திரத்தின் பெயர் எலெக்ட்ரோனிக்கா-60. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி செய்த எல்எஸ்ஐ-11 கணினிக்கு ஈடாகச் சோவியத் நாட்டில் செய்துகொண்டது அது. ஆக, உலகத்தில் மிக அதிகம் பேர் ஆடிய ஆட்டங்களுள் ஒன்று ஒரு நகல் இயந்திரத்தின் வயிற்றில் பிறந்தது. நகல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் போட்டுக்கொள்ளலாம்.

டெட்ரிஸின் உரிமைக்காக 1989-ல் மாஸ்கோவில் நடந்த இழுபறி தனிப் புத்தகத்துக்கான விஷயம். நமக்கு வேண்டியது ஒரு துளி மட்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹென்க் ரோஜர்ஸ் என்ற கேம் வெளியீட்டாளர் அழைப்பே இல்லாமல் ‘எலார்க்’ என்ற அரசு நிறுவனத்தின் கதவைத் தட்டினார். மார்ச்சில் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அராகவாவும் ஹோவர்ட் லிங்கனும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த டெட்ரிஸை இணைத்துக் கொடுத்துத்தான் ‘கேம் பாய்’ அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அதாவது நிண்டெண்டோவுக்கு மாஸ்கோவுக்கு வழி தெரியும். வாங்குவதற்கு வந்தார்கள், விற்பதற்கு வரவில்லை. ஜப்பானில் 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு வந்து நாட்டையே ஆட்டிப்படைத்த ‘ஃபேமிகாம்’ பெட்டியை, அதன் அமெரிக்க உடன்பிறப்பான ‘என்இஎஸ்’ஸை, சோவியத் பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் ரூபிளை வாங்கி என்ன செய்வது? அன்று அது எல்லை தாண்டினால் செல்லாத காசு.

இந்த வெற்றிடத்தில்தான் விக்டர் சவ்யுக் நுழைகிறார்.

சோவியத் ஒன்றியம் கலைந்துபோன மறுவருஷம், 1992. ஜனவரி 2-ம் தேதி அரசு விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ரொட்டி விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. பென்ஷன்காரர்கள் மெட்ரோ வாசலில் வீட்டுச் சாமான்களை வைத்து விற்றார்கள். விளையாட்டுப் பெட்டி விற்க இதைவிட மோசமான நேரம் கிடையாது என்றுதான் எவருக்கும் தோன்றும். சவ்யுக் வேலை பார்த்த பாராகிராஃப் நிறுவனத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆப்பிளின் ‘நியூட்டன்’ கருவிக்குக் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம் அது. சவ்யுக் சொன்ன பொம்மை வியாபாரம் வேண்டாம் என்று ஒதுங்கியது. ஸ்டீப்ளர் என்ற கணினி நிறுவனம் ஒப்புக்கொண்டது. சரக்கு தைவானிலிருந்து வர ஏற்பாடானது. அங்கே டிஎக்ஸ்சி என்ற கம்பெனி ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயரில் ஃபேமிகாம் நகல்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதையே வாங்கி, ‘டெண்டி’ என்று பெயர் சூட்டி, அனிமேஷன் கலைஞர் இவான் மக்ஸிமவ் வரைந்த குட்டி யானையை முத்திரையாக ஒட்டினார்கள். 1992 டிசம்பரில் கடைக்கு வந்தது. விலை 39,000 ரூபிள், அன்றைய மாற்று விலையில் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

தைவான்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகலெடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

ஃபேமிகாமின் உள்ளே இரண்டு முக்கியமான சிப்கள். ஒன்று கணக்குப் போட்டு ஒலியும் எழுப்பும். மற்றது படம் வரையும். இரண்டையும் நிண்டெண்டோவுக்காகச் செய்தது ரிக்கோ. கணக்குப் போடும் சிப்பின் அடிப்படை, அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி கம்பெனியின் 6502. அதன் பதின்மக் கணக்கு வசதியை மட்டும் ரிக்கோ முடக்கிவிட்டது. காப்புரிமைத் தகராறு வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அசலின் கையிலும் சற்று மை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டு சிப்களையும் கடையில் வாங்க முடியாது. எனவே தைவானின் சிஞ்சு அறிவியல் பூங்காவில் இருந்த யுஎம்சி அவற்றுக்கு ஈடான சிப்களைத் தானே செய்தது. 1980-ல் தொடங்கிய கம்பெனி அது. சிப்பின் மூடியைக் கரைத்து, உருப்பெருக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, வரைபடத்தை மீட்டெடுத்து, மறுபடி அச்சில் ஏற்றும் வேலை. எழுத்துக்கூட்டத் தெரியாத மொழியைக் கையெழுத்து மாறாமல் எழுதுவது மாதிரி.

எழுத்துப் பிழைகளும் விழுந்தன. பல நகல் சிப்களில் ஒலியின் இரண்டு அமைப்புகள் இடம் மாறிப் போயின. அதனால் ஒரே ஆட்டத்தின் பாட்டு ஜப்பானியப் பெட்டியில் ஒரு சாயலிலும் நகலில் வேறு சாயலிலும் ஒலிக்கும். ரஷ்யப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது இரண்டாவது சாயலை. பிற்காலத்தில் அசலைக் கேட்டபோது, ஏதோ தப்பாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் பலர்.

பிழை மட்டும் இல்லை, திருத்தமும் உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். ஐரோப்பாவில், ரஷ்யாவில், நம் நாட்டில் 50 முறை. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று செய்த பெட்டியில் சிப்பின் ஓட்டத்தையும் குறைத்தார்கள்: 1.79 மெகாஹெர்ட்ஸ் என்பது 1.66 ஆனது. திரையில் கூடுதலாக வரும் ஐம்பது வரிகளின் நேரத்தையும் வேறு மாதிரி ஒதுக்கினார்கள். அதனால் ஜப்பானியக் கேசட்டை அப்படியே செருகினால் சில ஆட்டங்களில் படம் குலுங்கும், சில நின்றே போகும். யுஎம்சியின் 50 படச் சிப் வேறு வழியில் போனது. வேகத்தை 1.77-ல் நிறுத்தியது. அந்த ஐம்பது வரிகளின் நேரத்தை, “ஒரு படம் முடிந்தது” என்று ஆட்டத்துக்குச் சொல்வதற்கு முன்பாகவே சும்மா கழித்துவிட்டது. ஆட்டத்தின் பார்வையில் தான் இன்னும் ஜப்பானில் இருப்பது போலவே இருக்கும். சற்று நிதானமாக ஓடும், ஆனால் உடையாது. அசலைச் செய்தவர்கள் கொடுக்காத ஒன்றை நகல் செய்தவர்கள் கொடுத்தார்கள். காரணம் கலைத்தாகம் அல்ல. அவர்களுக்கென்று தனியாக ஆட்டம் எழுதித்தர ஆளில்லை. ஜப்பானில் கிடைத்ததெல்லாம் மாற்றமின்றி ஓடியே தீர வேண்டும் என்ற கட்டாயம்.

இன்னொன்றும் வசதியாக அமைந்தது. அமெரிக்க என்இஎஸ்ஸில் பெட்டியிலும் கேசட்டிலும் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஆட்டம் தொடங்கும். 1983-ல் வந்த ஃபேமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. தைவான் நகல்கள் பெரும்பாலும் 72 முனை கொண்ட அமெரிக்கக் கேசட்டை விட்டுவிட்டு 60 முனை ஜப்பானியக் கேசட்டைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பர்மா பஜாரில் பேரம் பேசி வீடியோ கேம் வாங்கியவர்களுக்கு இப்போது பொறி தட்டியிருக்கும். ஆமாம், அதே கேசட், அதே சிப் குடும்பம், அதே 50 படக் கணக்கு. இந்தியாவில் நிண்டெண்டோவின் பெட்டி ‘சாமுராய்’ என்ற பெயரில் முறையாகவே விற்கப்பட்டது. எத்தனை பேர் வீட்டில் அதைப் பார்த்தீர்கள்? ‘9999 இன் 1’ கேசட்டைத்தான் பார்த்திருப்போம். உள்ளே இருப்பது சில ஆட்டங்கள். மீதியெல்லாம் அதே ஆட்டத்தை இரண்டாம் கட்டத்திலிருந்தோ, கூடுதல் உயிரோடோ தொடங்கிவைக்கும் பட்டியல். அந்த எண்ணிக்கையை நம்பிப் பக்கம் பக்கமாகப் புரட்டிய கோடை விடுமுறைகளுக்கு யார் நஷ்டஈடு தருவது என்பது வேறு வழக்கு.

மாஸ்கோவுக்குத் திரும்புவோம். மற்ற நகல் வியாபாரிகளிடமிருந்து சவ்யுக் விலகி நிற்கும் இடம் இதுதான். பர்மா பஜார் மாதிரி கூவி விற்றுவிட்டுப் போகாமல், அசல் கம்பெனி ஒன்று செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஸ்டீப்ளர் செய்தது. டிவியில் விளம்பரம், ஊர் ஊராக முகவர்கள், உத்தரவாதம், ரிப்பேர் மையம். பெட்டியின் பாகங்களைப் பொருத்தும் வேலையின் ஒரு பகுதியைத் துப்னா நகரத்தில் இருந்த ‘தென்ஸர்’ தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். அணுசக்தித் துறைக்குக் கருவி செய்த ஆலை அது. ஆர்டர் வற்றிப்போன காலத்தில் அதன் மேஜையில் யானைப் பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. டெண்டியின் பெயரில் பத்திரிகை வந்தது. 1994-ல் செர்கெய் சுபோனெவ் நடத்திய ‘டெண்டி: புதிய யதார்த்தம்’ என்ற டிவி நிகழ்ச்சி 2x2 சேனலில் தொடங்கிப் பின்னர் நாட்டின் முதல் சேனலான ஓஆர்டிக்குப் போனது. ஆட்டங்களைக் காட்டி, சந்து பொந்துகளைச் சொல்லிக்கொடுப்பதுதான் நிகழ்ச்சி. ஒரு நகல் பெட்டிக்கு நாடு தழுவிய தொலைக்காட்சியில் நிகழ்ச்சி என்பதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தலைமுறைக்கு வீடியோ கேமின் பெயரே டெண்டி. நிண்டெண்டோ என்றால் டெண்டி மாதிரி ஏதோ ஒன்று.

பாலைக் கறந்துவிட்டு மாட்டுக்காரனிடம் பேச்சு நடத்தும் கட்டம் அடுத்து வந்தது. 1994-ல் ஸ்டீப்ளரும் நிண்டெண்டோவும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. முடிவு: ரஷ்யாவில் ‘சூப்பர் நிண்டெண்டோ’வை விற்கும் உரிமை ஸ்டீப்ளருக்கு, டெண்டி மீது நிண்டெண்டோ வழக்கு எதுவும் போடாது. நிண்டெண்டோவின் வக்கீல்கள் இளகிய மனம் படைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். காப்பிரைட்டுக்காக உலகெங்கும் நீதிமன்றம் ஏறியவர்கள்தான். ஆனால் ரஷ்யாவில் நவீனப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993 ஜூலையில். வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கையில் கிடைப்பது ஒரு தீர்ப்புக் காகிதம். ஸ்டீப்ளரிடமோ கடைகள் இருந்தன, முகவர்கள் இருந்தார்கள், டிவி நிகழ்ச்சி இருந்தது. அவை ஒன்றையும் நிண்டெண்டோ காசு போட்டுக் கட்டவில்லை. கட்டியிருந்தாலும் அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்குமா என்பது என் சந்தேகம்.

இது ரஷ்யாவில் மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. பிரேசிலில் உள்நாட்டுத் தொழிலைக் காக்க வெளிநாட்டு மின்னணுச் சாமான்களைத் தடுத்து வைத்திருந்த காலத்தில், கிராதியென்டே கம்பெனி ‘ஃபேன்டம் சிஸ்டம்’ என்ற நகலை விற்றது. தடை விலகியதும் 1993-ல் நிண்டெண்டோ தன் பெட்டிகளை அங்கே கொண்டுவரக் கூட்டு வைத்தது அதே கிராதியென்டேயோடுதான். போலந்தில் ‘பெகாசஸ்’ என்ற நகலை விற்றுப் பணம் பார்த்த இருவர், பிறகு அதை விட்டுவிட்டுக் குளிர்பானத் தொழிலில் பெரிய ஆட்களானார்கள்.

டெண்டியின் முடிவு அத்தனை கௌரவமாக அமையவில்லை. பெயர் பெற்றதும் டெண்டிக்கே டூப்ளிகேட் வந்தது. அதே தைவான், சீனச் சரக்கு. விளம்பரச் செலவு இல்லை, ரிப்பேர் மையம் இல்லை, அதனால் விலை குறைவு. ‘கெங்கா’ போன்ற பெயர்களில் சந்தை நிறைந்தது. நகலுக்கு வரும் நகலை எந்தச் சட்டத்தின் கீழ் தடுப்பது? கூடவே சேகாவின் பெட்டிகளும் அவற்றின் நகல்களும் வந்தன, சோனியின் ‘பிளேஸ்டேஷன்’ எட்டிப் பார்த்தது. 1996-ல் ஸ்டீப்ளர் மூடப்பட்டது. நிகழ்ச்சியும் நின்றது.

உள்ளே இருந்த சிப்களும் அதற்குள் மாறிப்போயின. இரண்டு சிப்பும் சுற்றியிருந்த துணைச் சாமான்களும் ஒரே துண்டு சிலிக்கானில் அடங்கின. அதைப் போர்டின் மேல் நேரடியாக ஒட்டி, மேலே ஒரு சொட்டுக் கறுப்புப் பிசினை ஊற்றிவிடுவார்கள். மலிவுப் பெட்டியைத் திறந்தவர்கள் அந்தக் கரும்பொட்டைப் பார்த்திருப்பார்கள். செலவு இவ்வளவு இறங்கிய பிறகு பெட்டி எந்த உருவத்தையும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. ‘பாலிஸ்டேஷன்’ வந்தது அந்தத் துணிச்சலில்தான். வெளியே பார்த்தால் அச்சு அசல் பிளேஸ்டேஷன். சிடி வைக்கும் வட்ட மூடியைத் திறந்தால், உள்ளே ஃபேமிகாம் கேசட் செருகும் துளை!

ரஷ்யச் சந்தையில் டெண்டியோடு மோதிய பெயர்களில் ஒன்று ‘சுபோர்’. சீனத்தின் குவாங்டோங் மாநிலம், ஜோங்ஷான் நகரத்துச் சரக்கு. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி இங்கேதான் வருகிறார்: துவான் யோங்பிங். 1989-ல், 28 வயதில், நஷ்டத்தில் ஓடிய ஒரு தொழிற்சாலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஃபேமிகாம் நகல் செய்யத் தொடங்கினார். அது நன்றாகவே போனது. ஆனால் சீனப் பெற்றோர் மனசை அவர் சரியாகப் படித்திருந்தார். வீட்டுக்கொரு குழந்தை, அது படிக்க வேண்டும், விளையாட்டுப் பெட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்? பெட்டியோடு கணினி மாதிரி ஒரு கீபோர்டைச் சேர்த்து, ‘கற்கும் இயந்திரம்’ என்று விற்றார். டைப்பிங் பயிற்சி உண்டு, சின்னதாக பேசிக் மொழியில் நிரல் எழுதலாம். கேசட் செருகும் துளையும் பத்திரமாக இருந்தது. விளம்பரத்துக்கு ஜாக்கி சானைப் பிடித்தார். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரே பெட்டியை இரண்டு காரணங்களுக்காக விற்ற அந்த யோசனை, நிண்டெண்டோவின் எந்த சிப்பிலும் இல்லாதது. ஜப்பானில் நிண்டெண்டோவே 1984-ல் ஃபேமிகாமுக்குக் கீபோர்டு விட்டிருந்தது. ஆனால் அதை ஒரு துணைச் சாமானாகத்தான் வைத்திருந்தார்கள்.

கம்பெனியில் பங்கு கேட்டார் துவான். தாய் நிறுவனம் மறுத்தது. 1995-ல் வெளியேறி பிபிகே என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். கூட வேலை பார்த்த பலரும் பின்னாலேயே வந்தார்கள். கற்கும் இயந்திரம், டெலிபோன், விசிடி பிளேயர் என்று வளர்ந்த அந்தக் கூட்டத்தின் கிளைகளாகத்தான் ஒப்போவும் விவோவும் பிறந்தன. 2006-ல் துவான், வாரன் பஃபெட்டோடு ஒருவேளை மதிய உணவு சாப்பிட 6,20,100 டாலர் ஏலம் கேட்டு ஜெயித்தார். பத்தாண்டு கழித்து, 2016-ல், ஐபிஎல் கிரிக்கெட்டின் பெயருக்கு முன்னால் விவோவின் பெயர் வந்து நின்றது. சேப்பாக்கம் ரசிகருக்கு அது ஏதோ ஒரு சீன மொபைல் கம்பெனி.

சுபோருக்கு என்ன ஆனது? சீன அரசு 2000-ல் வீடியோ கேம் பெட்டிகளுக்கே தடை போட்டது. தடை முழுக்க விலக 2015 ஆயிற்று. பெயரைத் தூசிதட்டி எடுத்து 2018-ல் ஏஎம்டி சிப்போடு ஒரு புதிய பெட்டியை அறிவித்தார்கள். மறுவருஷமே அந்தக் குழு கலைக்கப்பட்டது.

யுஎம்சி பக்கம் இன்னொரு கிளை முளைத்தது. 1997-ல் அந்தக் கம்பெனி தன் வடிவமைப்புப் பிரிவு ஒன்றைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. முதலில் சிடி டிரைவுக்குச் சிப் செய்துகொண்டிருந்த அந்த நிறுவனம், அடுத்து மொபைல் போனுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தயாரித்து, போன் செய்யத் தெரியாதவர்களும் போன் செய்யலாம் என்ற நிலையை உண்டாக்கியது. அதன் பெயர் மீடியாடெக். ஷென்சென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் சந்தையில் அந்தத் தொகுப்பை வாங்கியவர்கள் என்னென்ன செய்தார்கள், ‘நோக்கியா’வில் ஓர் எழுத்தை மாற்றி எத்தனை போன்கள் வந்தன, இரண்டு சிம் போடும் வசதி பெரிய கம்பெனிகளை முந்திக்கொண்டு அங்கிருந்து எப்படிக் கிளம்பியது என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)